கிளிப்பச்சைக் கடை

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

என் எழுத்து கோணல்மாணலாக மலையேறி இறங்குவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் மகள் கற்றுக்கொடுத்த எழுத்து இது. எழுபது தாண்டி நான் எழுதும் முதல் கடிதம். நீங்கள் போனை எடுக்காததும் நல்லதாயிற்று. எடுத்திருந்தால் பேசியே தீர்த்திருப்பேன்.

இனிமேல் உங்கள் அண்ணனுடைய அச்சகத்திலேயே இருந்துவிடப் போவதாக மகளிடம் சொன்னீர்களாம். அவள் அழுவது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்படி என்ன நடந்துவிட்டது? நான் திரும்பி வரும்போது கடை பளிச்சென்று இருக்கட்டும் என்று அலமாரிகளுக்குப் பெயின்ட் அடித்தீர்கள். தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தேயிலைப் பெட்டிகளை அடுக்கினீர்கள். கைக்குக் காய்ந்திருந்தது, இலைக்குக் காயவில்லை. தேயிலை பக்கத்து வீட்டு வாசனையைக்கூட இழுத்துக்கொள்ளும். அதனால்தான் நம் கடையில் ஊதுபத்தி கிடையாது, எனக்கு வாசனை சோப்பும் கிடையாது. சரக்கு போயிற்று. போகட்டும். சலூன்காரர் வந்து, "என்ன பெரியவரே, உங்க டீயைக் குடிச்சா வயித்துக்குள்ள பெயின்ட் அடிச்ச மாதிரில்ல இருக்கு!" என்றார். "ரெண்டாவது கோட்டிங்குக்கு நாளைக்கு வாங்க" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

மொழி தெரியாத இந்த ஊரில் கப்பலிலிருந்து இறங்கி, தோளில் பையோடு வீடு வீடாகத் தேயிலைத் தூள் விற்றுத்தான் இந்தக் கடையைப் பிடித்தேன். இத்தனை காலத்தில் எனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று ஒருவரும் யோசித்ததில்லை. எப்போதோ சாப்பிடும்போது கிளிப்பச்சை என்று சொன்னேனாம்; நீங்கள் நினைவில் வைத்திருந்தீர்கள். உள்ளே நுழைந்ததும் அலமாரிகளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். நீங்கள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

நன்றி, மாப்பிள்ளை. அன்று வாயில் வராததை இன்று கையால் எழுதிவிட்டேன்.

உங்கள் மாமா

மார்ச் 9

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நீங்கள் பேசாமல் நின்றதைப் பார்த்து, ஆயுள் முழுக்க இவர் சேர்த்ததைக் கெடுத்துவிட்டேனே என்றுதான் கிளம்பி வந்துவிட்டேன். கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். "மாமனார் திட்டலைன்னு கோவிச்சுக்கிட்டு வந்த முதல் மாப்பிள்ளை நீதாம்ப்பா" என்கிறார்.

வர ஆசைதான். ஆனால் வாடிக்கைக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? மறுபடியும் ஏதாவது தவறு செய்துவிட்டால்?

அன்புடன்,
உங்கள் மருமகன்

மார்ச் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை நானே படித்தேன். மகள் கையை நீட்டினாள், கொடுக்கவில்லை. காலையில் ஆரம்பித்துச் சாப்பாட்டுக்குள் முடித்தேன்.

ஜன்னல்களைத் திறந்து வைத்ததில் அலமாரி வாசனை போய்விட்டது. தையல்கார அம்மா வந்து, "உங்க மாப்பிள்ளை எங்க? அவர் கட்டுற பொட்டலம்தான் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் பிரியாது" என்றார். என் கட்டு தெருமுனை தாண்டாது என்று அதற்கு அர்த்தம்.

தவறு செய்தால் என்ன, செய்யுங்கள். பக்கத்தில் நான் இருக்கிறேன். புதுச் சரக்கு வந்திருக்கிறது. ஒரு பெட்டியைக்கூட நான் திறக்கவில்லை. நீங்கள் வந்து மூடியை எடுத்து, முகர்ந்து பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டும். இனி வாங்குவதும் கலப்பதும் உங்கள் பொறுப்பு.

சனிக்கிழமை ரயிலுக்கு மகள் ஸ்டேஷனுக்கு வருவாள். நீங்கள் வந்துவிட்டால் எழுதுவதை நிறுத்திவிடுவேன் என்று நினைக்காதீர்கள். அடுத்த வாரமும் எழுதுவேன், தபாலில்தான் போடுவேன். கடை விலாசத்துக்கு உங்கள் பெயரில் வரும். கல்லாவில் உட்கார்ந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமா