வல்லூற்றின் தலை கொய்த கரிச்சான்கள்

மங்கலம் நிலைக்க. மூன்று ஆறுகளையும் ஒரு குடைக்கீழ் ஆள்பவரும், எவர் பெயர் கேட்டால் பகைவர் தம் மீசையைத் தாமே மழித்துக்கொள்வரோ அவருமாகிய வெண்குன்ற நாட்டு மன்னர் சேந்தன் நெடுமுடியரின் வடகரைப் பாசறைக்கு, அரண்மனைத் தோட்டத்துக் கண்காணி நீலன் ஏகம்பர் பணிந்து விடுக்கும் ஓலை. பாசறையில் யானைகளும் வீரர்களும் நலமாக இருக்க. பகைவர் அவ்வாறு இல்லாதிருக்க.

இதிற்கண்ட ஒவ்வொரு சொல்லும் மெய் என்று கண்காணியார் தீ முன்னின்று ஆணையிடுகிறார். வலக்கையை மன்னர் கேட்டிருப்பதால், இடக்கையை நீட்டி ஆணையிடுகிறார்.

மன்னர் விடுத்த ஓலையில் கேட்கப்பட்டவை இரண்டு. வாகை மரத்தடியில் நீர் காவல் இருந்தீரா? இருந்தீரெனில், நம் வேட்டை வல்லூறு அங்கே தலையின்றிக் கிடந்தது எப்படி? காவலில் இல்லையென்றால் வலக்கையை வெட்டி அனுப்புக என்பதும் அதில் இருந்தது.

தோட்டத்து வழக்கம் மன்னர் அறியாததன்று. அரச தோட்டத்தில் முட்டையிட்ட பறவை, குஞ்சுகள் பறக்கும் நாள்வரை அரசரின் அடைக்கலம். மரத்தடியில் வேல் ஒன்றை நட்டு, கண்காணி விடியல் முதல் அந்தி வரை அங்கே அமர வேண்டும். இவ்வாண்டு வாகைக் கவட்டில் கூடு கட்டியவை இரண்டு கரிச்சான்கள்: கைப்பிடி அளவு உடல், மை நிறம், கவை பிளந்த வால். இன்றைக்கு முப்பது நாள் முன்பு முட்டை மூன்றும் பொரிந்தன. குஞ்சுகள் மயிரின்றி, சிவந்து, வாயைத் தவிர வேறொன்றும் இல்லாதவையாக இருந்தன. தந்தைப் பறவை வெட்டுக்கிளியைக் கிளையில் அறைந்து, காலையும் இறகையும் பிய்த்தெறிந்து, முண்டத்தை மட்டும் ஊட்டும். கண்காணியாரின் தலைப்பாகையில் விழுந்த கால்களை உலர்த்தினால் ஒரு மரக்கால் தேறும்.

நான்காம் நாள் காகப் படை வந்தது. வெயில் மறைந்ததால் தோட்டத்து அல்லி மாலையென்று எண்ணி மலர்ந்துவிட்டது. இரு கரிச்சான்களும் அம்பெனப் பாய்ந்து, மண்டை மண்டையாகத் துளைத்தன. அன்று வாரிய சிறகுகள் பதினொரு கூடை. பூக்கொய்யும் செம்பொன்னி கண்காணியாருக்குக் கொண்டுவந்த கலயத்தை எட்டிப்பார்த்து, “ஐயா, மோருக்குள்ள காக்காக் கண்ணு கெடக்குது” என்றாள். “உப்புப் போட்டியா?” என்று மட்டும் அவர் கேட்டார். அவள் போட்டிருந்தாள்.

ஏழாம் நாள் சாரை ஒன்று மரமேறியது. தாய் தலையைப் பற்ற, தந்தை வாலைப் பற்ற, இரண்டும் இரு திசையில் பறந்தன. நடுவே கிழிந்த சாரையின் பாதிகள் நிலத்தில் விழுந்து, ஒன்றையொன்று பகையென்று கருதி, நண்பகல் வரை கிணற்றடியில் போரிட்டன. வால் வென்றது.

இந்நிலையில் பதின்மூன்றாம் நாள், வேட்டைப் பறவைகளின் பொறுப்பாளர் மல்லன் காரி, வல்லூற்றைக் கையுறைமேல் ஏந்தி உள்ளே வந்தார். நட்ட வேலைக் கண்டும் நில்லாமல், “பெரியவரே, குருவிக்குக் காவல் காக்கிற ஆளுக்குச் சோறு எதுக்கு? புழு போதாதா?” என்று நகைத்தார். இது மன்னரின் அடைக்கலம், அப்பால் செல்க என்று கண்காணியார் முறைப்படி மும்முறை கூறினார். “என் கையில இருக்கிறது மன்னரோட வல்லூறு. மன்னரோட பறவை மன்னரோட குஞ்சத் தின்னா உமக்கென்ன நட்டம்?” என்று சொல்லிக் காரி கையை உதறினார்.

வல்லூறு கூட்டில் இறங்கிக் கடைக்குட்டிக் குஞ்சை நகத்தில் கொய்து எழுந்தது. குஞ்சின் விலாவிலிருந்து குருதி ஒழுகியது. அதைக் கண்ட தாய் வல்லூற்றின் இடக்கண்ணைப் பிடுங்கியது. தந்தை பிடரியில் அமர்ந்து எலும்பு தெரியக் கொத்தியது. பிடி நழுவிய குஞ்சு கண்காணியாரின் தலைப்பாகையில் வீழ்ந்து, அங்கிருந்த வெட்டுக்கிளிக் காலொன்றைத் தின்று உயிர் தேறிற்று. அதற்குள் தந்தைப் பறவை, தன் பிளந்த வாலைக் கத்தரியாக விரித்து, வல்லூற்றின் கழுத்தில் கொடுத்து ஒருமுறை மடக்கியது. தலை வாகைப் பூக்களோடு உதிர்ந்தது.

உடலுக்கு இச்செய்தி எட்டவில்லை. அது தோட்டத்தை மூன்று சுற்றுச் சுற்றி, பழகிய பழக்கத்தால் காரியின் கையுறைமேல் வந்தமர்ந்து, வழக்கமான இறைச்சித் துண்டுக்குக் காத்திருந்தது. அதை வாங்க வாய் இல்லை என்பது தெரிய அரை நாழிகை ஆயிற்று. அதன் பின்னரே சரிந்து வீழ்ந்தது. காரியின் முகத்தில் தெறித்த குருதி இன்னும் போகவில்லை. அவர் கழுவவில்லை என்பாரும் உளர்.

ஆதலின் மன்னர் திருவுள்ளம் கொள்ள வேண்டியது இது. அடைக்கலத்தின்மேல் பாய்ந்தது வல்லூறு. அது மன்னரின் பறவையாயினும் மன்னரின் சொல்லுக்குப் பகை. அதைக் கொன்றவை மன்னரின் காவலில் இருந்தவை; ஆகவே கொன்றது மன்னரின் நீதி. தன் நீதி செய்ததற்காகத் தன் கண்காணியின் கையை வெட்டும் வழக்கம் வெண்குன்ற நாட்டில் இல்லை. வெட்டியே தீர வேண்டுமெனில், கையுறை அணிந்த கை ஒன்று அருகிலேயே உள்ளது. மூன்று குஞ்சுகளும் பதினெட்டாம் நாள் பறந்தன. கடைக்குட்டி சற்றுச் சாய்ந்து பறக்கிறது. அவற்றின் பெற்றோருக்கு அவ்வாகை மரத்தை வீரர்க்குரிய கொடையாக அளித்துக் கட்டளையிடுமாறு வேண்டுகிறார்.

மன்னர் வாள் ஓங்குக. அது தக்க கழுத்தில் மட்டும் இறங்குக. அரக்கில் தோட்டத்து முத்திரை பதித்து, நூலிட்டு, ஓலைக்காரன் கையில் சேர்ப்பித்தது.

எழுதிய இடம், தலைநகரிலிருந்து ஐந்து நாள் வழியிலுள்ள கயல்துறை, கண்காணியாரின் மகள் வீடு. வளைகாப்புக்கு வந்த அவர் எங்கும் செல்லாமல் அங்கே தங்கியிருக்கும் நாற்பதாம் நாள்.