பின்வேலி நாடகமும் பூட்டிய மண்டபமும்

அனுப்புநர்:
செசிலியா ரொனால்ட்,
பாலர் பள்ளி ஆசிரியை,
தாமான் மெலூர் பாரு,
கூலாய், ஜொகூர்.

பெறுநர்:
திரு. தேவானந்தன் அவர்கள்,
சமூக நல ஒருங்கிணைப்பு அதிகாரி,
மாவட்ட அலுவலகம், கூலாய்.

பொருள்: எங்கள் தாமான் பொதுமண்டபத்தைச் சனிக்கிழமை மகளிர் கூட்டத்துக்கு மீண்டும் திறந்துவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை அஞ்சலில் அனுப்பாமல் நேரில் தங்கள் கையில் தருகிறேன். மண்டபக் குழுவுக்கு வழக்கமாக அனுப்பும் நகலை இம்முறை அனுப்பவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் அது காரணமல்ல. ஏழாம், எட்டாம் பத்திகளைப் படித்தால் காரணம் விளங்கும். அவ்விரண்டு பத்திகளும் தங்கள் அறையை விட்டு வெளியே போகக்கூடாது என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

1. எங்கள் தாமான் குடியிருப்பில் இருப்பவை வரிசை வீடுகள். ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். ஆண்கள் பலர் செனாய் தொழிற்சாலைகளிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறார்கள். பெண்களிலும் பாதிப்பேர் வேலைக்குப் போகிறவர்கள். மூன்று ஆண்டுகளாகச் சனிக்கிழமை பிற்பகலில், பாலாய் ராயா என்று நாங்கள் அழைக்கும் பொதுமண்டபத்தில் பெண்கள் கூடிப் பாடுகிறோம். இந்துக்களும் உண்டு, என்னைப் போன்ற கத்தோலிக்கர்களும் உண்டு. ஆகவே தேவாரமும் பாடுவோம், மாதா பாட்டும் பாடுவோம். இரண்டிலும் சுருதி சேராது. அதைப் பற்றிப் புகார் வந்திருந்தால் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டிருப்பேன்.

2. நாங்கள் சத்தமாகப் பாடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பெண்கள் உதவி அமைப்பு ஒன்றைச் சேர்ந்த ஆலோசகர் குமாரி ஷர்மைன் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜொகூர் பாருவிலிருந்து வந்து மண்டபத்துச் சமையலறையில் உட்கார்ந்திருப்பார். வீட்டில் அடிபடுகிற பெண், தேநீர் போடுகிற சாக்கில் உள்ளே போய் அவரிடம் பேசலாம். உள்ளே பேச்சு நடக்கும்போது நாங்கள் குரலை உயர்த்துவோம். வாசலில் மோட்டார் சைக்கிளோடு காத்திருக்கும் கணவன்மார் காதில் பாட்டுதான் விழ வேண்டும்.

கோயிலிலோ தேவாலயத்திலோ என் வீட்டிலோ இதைச் செய்யலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். கோயிலென்றால் பாதிப்பேர் வரமாட்டார்கள், தேவாலயமென்றால் மறுபாதி வரமாட்டார்கள். என் வீடென்றால் ஒருவரையும் அனுப்பமாட்டார்கள். மண்டபம் நாலு பேர் கண்ணில் படுகிற இடம், அதனால்தான் அனுப்புகிறார்கள்.

3. இனி, மண்டபம் பூட்டக் காரணமான நாடகத்துக்கு வருகிறேன். எங்கள் வரிசைகளில் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்து வீட்டில் அடியும் அழுகையும் கேட்டால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிடுவோம். மறுநாள் காலையில் ஓர் ஐஸ்கிரீம் டப்பாவில் ரசமோ குழம்போ ஊற்றி, பின்வேலிக்கு மேலாக அந்தப் பெண்ணிடம் நீட்டுவோம். அவரும் வாங்கிக்கொள்வார். முகத்தை இருவரும் பார்த்துக்கொள்ளமாட்டோம். "வெயிலு அதிகம்லா" என்று ஏதாவது சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவோம். எங்கள் மக்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல ஐயா. அந்த ரசத்தில் அன்பு இருக்கிறது. கேட்கிற தைரியம்தான் இல்லை.

4. இதைத்தான் "பின்வேலி" என்று நாடகமாக்கினோம். பாட வரும் பெண்களே எழுதி, மண்டபத்தில் நடித்தார்கள். அடிக்கிற காட்சி கிடையாது. கணவனுக்குப் பெயர் இல்லை, வேலை இல்லை, முகமும் இல்லை. மேடையில் ஒரு கம்பி வேலி, இரண்டு பெண்கள், ஓர் ஐஸ்கிரீம் டப்பா, அவ்வளவுதான். கடைசிக் காட்சியில் ரசம் கொண்டுவருகிறவள் டப்பாவைக் கொடுத்த பிறகும் திரும்பிப் போகாமல், "நேத்து என்னம்மா ஆச்சு?" என்று கேட்கிறாள். அதோடு நாடகம் முடிகிறது. முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. சரியாக நடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து எங்கள் நடிகை வாசுகி திரைக்குப் பின்னால் அழுதுவிட்டார். பிறகுதான் பார்த்தோம், பார்வையாளர்களில் பாதிப்பேர் தலை குனிந்திருந்தார்கள்.

5. அடுத்த வாரமே மண்டபக் குழுத் தலைவர் திரு. மகேஸ்வரன் என்னை அழைத்து மூன்று புகார்களைக் காட்டினார். மூன்றும் மூன்று குடும்பங்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல் கொடுத்தவை. மூன்றிலும் இருந்தது ஒரே குற்றச்சாட்டு: எங்கள் வீட்டுக் கதையை மேடையேற்றிக் குடும்ப மானத்தை வாங்கிவிட்டார்கள். ஒருவர், ரசம் ஐஸ்கிரீம் டப்பாவில்தான் வந்தது என்பது இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தார். ஐயா, எங்கள் தாமானில் ஐஸ்கிரீம் டப்பா இல்லாத வீடு எது?

நாங்கள் எந்த வீட்டுக் கதையையும் எழுதவில்லை. இதை எங்கள் அன்னை மரியாள் மீது ஆணையாகச் சொல்கிறேன். எழுதியது வேலியைப் பற்றி. தம் வீட்டை அதில் பார்த்தவர்கள் அவர்களே.

6. நாங்கள் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மூன்று குடும்பங்களும் கோரின. திரு. மகேஸ்வரனும் மண்டபத்தில் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். எந்தக் குடும்பத்திடம் கேட்கட்டும் என்று கேட்டேன். ஒரு குடும்பத்தின் பெயரைச் சொன்னால் மற்ற இரண்டும் விடாது. மூன்று பெயரையும் சொன்னால், யாருக்கும் தெரியக்கூடாது என்று அவர்கள் நினைப்பதை நானே ஒலிபெருக்கியில் அறிவித்தது போலாகும். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு, "டீச்சர், நாடகம் நல்லாதான் இருந்துச்சுலா. ஆனா குடும்ப விஷயம், நமக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு மறுநாள் மண்டபத்தைப் பூட்டினார். பூப்பந்து விளையாட மட்டும் மாலையில் திறக்கிறார்கள். அவர் கெட்ட மனிதர் அல்ல. வம்புக்குப் பயப்படுகிறார். அவருடைய பயத்துக்கு விலை கொடுப்பவர் யார் என்பது அவருக்குத் தெரியாது, நானும் அவரிடம் சொல்ல முடியாது. தங்களிடம் சொல்கிறேன்.

7. எங்களோடு பாட வரும் பெண்களில் ஒருவர் இளையவர், இரண்டு குழந்தைகளின் தாய். அவர் பெயரை எழுதமாட்டேன். நாடகத்தில் அவர் நடிக்கவில்லை, தேநீர்தான் ஊற்றினார். மாதக்கணக்காகச் சமையலறையில் குமாரி ஷர்மைனிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசி வந்தார். முதலில் வந்த நாள்களில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே நின்றுவிட்டு வெளியே வந்துவிடுவார். பிறகு ஒரு நாள் சட்டைக் கையை மடித்துக் காட்டியிருக்கிறார். காவல் நிலையத்தில் புகார் செய்து பாதுகாப்பு ஆணை கேட்பது என்று முடிவெடுத்து, என்ன சொல்ல வேண்டும், பிள்ளைகளை அன்று யாரிடம் விட வேண்டும் என்று இருவரும் திட்டமிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் மண்டபம் பூட்டப்பட்டது. அவருடைய கைபேசியைக் கணவர் தினமும் எடுத்துப் பார்ப்பதால் தொலைபேசியில் பேச வழியில்லை. எனக்குத் தூக்கம் கெட்டுவிட்டது ஐயா. வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும்போதுகூட அவர் நினைவுதான்.

8. மண்டபம் பூட்டிய சில நாள்களில் மூன்று புகார்தாரர்களில் ஒருவரான மூதாட்டி என் வீட்டுக்குச் சண்டைக்கு வந்தார். அவர் மேற்சொன்ன பெண்ணின் மாமியார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "யாரு சொன்னா உங்களுக்கு? என் மருமகதானே?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, அவரைப் போல இன்னும் இரண்டு குடும்பங்கள் தம் கதை என்று எழுதியிருக்கின்றன என்றேன். நம்பவில்லை. நாடகப் பிரதியைப் படித்துக் காட்டினேன். பாதியில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"பெக்கோக் எஸ்டேட்ல இருந்தப்ப எனக்கும் ரசம் வந்துச்சு டீச்சர். பக்கத்து வீட்டு அங்கம்மா கொண்டாந்து குடுப்பா. அவ கேக்கல, நானும் சொல்லல. என் மவன் அதப் பாத்துதானே வளந்தான்" என்றார்.

குமாரி ஷர்மைன் மண்டபத்துச் சமையலறைக்கு எதற்காக வருகிறார் என்று சொன்னேன். தேநீர் கொடுத்தேன், குடித்தார். எழுந்து போகும்போது, மருமகளைச் சமையலறைக்கு அனுப்புவது இனித் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடி செய்தார். நாடகத்துக்குப் பிறகு மனைவியைப் பாட்டுக்கு அனுப்ப மறுத்த மகனிடம், "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. இவ பாட்டுப் புஸ்தகத்த வாசிச்சாத்தான் நான் பாட முடியும்" என்று சொல்லி மருமகளைக் கையோடு அழைத்து வருகிறார். அம்மாவின் பேச்சை மகன் தட்டவில்லை. ஆனால் வந்தால் மண்டபம் பூட்டியிருக்கிறது. வாசற்படியில் உட்கார்ந்து பாடுகிறோம். குமாரி ஷர்மைனும் வருகிறார். படியில் வைத்து என்ன பேச முடியும்? போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். அந்தப் பெண் புத்தகத்தை வாசிக்கிறார், ஷர்மைன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நேரம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போகிறோம். போன சனிக்கிழமை அவர் இடக்கையால்தான் பக்கங்களைத் திருப்பினார். வலக்கையைச் சேலைத் தலைப்புக்குள்ளேயே வைத்திருந்தார்.

மூதாட்டி தம் புகாரைத் திரும்பப் பெறுவதாகக் குழுவிடம் சொல்லிவிட்டார். மற்ற இரண்டும் நிலுவையில் இருப்பதால் மேலிடத்து உத்தரவு இல்லாமல் திறக்க முடியாது என்கிறார்கள்.

9. ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது:

அ) வரும் சனிக்கிழமைக்குள் மண்டபத்தை, சமையலறையோடு சேர்த்து, எங்கள் கூட்டத்துக்குத் திறந்துவிட உத்தரவிட வேண்டும். வேறெதற்கும் நேரமாகலாம், இதற்கு ஆகக்கூடாது.

ஆ) மற்ற இரண்டு புகார்களை விசாரிக்கும்போது அவ்வீட்டு ஆண்களை மட்டும் அழைத்துப் பேசி முடித்துவிடாமல், பெண்களைத் தனியே, ஒரு பெண் அதிகாரியைக் கொண்டு கேட்க வேண்டும். மானம் போயிற்று என்று எழுதிய வீடுகளில் வேறென்ன போயிற்று என்பதும் தெரியவரும்.

இ) "பின்வேலி" நாடகத்தை மாவட்டத்தின் மற்றத் தாமான்களிலும் நடத்த அனுமதி வேண்டும். அங்கேயும் எங்கள் வீட்டுக் கதை என்று புகார் வரும். வந்தால் அந்த வீட்டு முகவரி நமக்குக் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மூதாட்டியை இம்மனுவில் கையெழுத்திட வேண்டாம் என்று தடுத்தேன். பெயர் வெளியே தெரிந்தால் வீட்டில் பிரச்சினை வரும் என்றேன். "வரட்டும்லா. நான் பெத்தவ, நான் பாத்துக்கிறேன்" என்று பேனாவை வாங்கிக்கொண்டார். மருமகளிடமும் கேட்டேன். மாமியாரின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு "சரி" என்றார். அவர்கள் இருவரையும் நம்பித்தான் இதை எழுதினேன், இனித் தங்களை நம்புகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,
செசிலியா ரொனால்ட்

நாள்: 16.6.2025
இடம்: கூலாய்

(இரண்டாம் கையெழுத்துக்காரர் தாமே எழுதியது:)

ஐயா, மொதல்ல புகார் குடுத்ததும் நான்தான், இப்ப கேக்குறதும் நான்தான். மண்டபம் பூட்டியிருந்தாலும் சனிக்கிழம மருமகளக் கூட்டிக்கிட்டு வருவேன். எனக்கு முட்டி வலி, படியில ரொம்ப நேரம் உக்கார முடியல. அவளுக்கும் உள்ள போயிப் பேசணும். தொறந்து விடுங்க.

இராசம்மா