கொலு அழைப்பில் கிளம்பிய படை

இன்று காலை நம் அடுக்குமாடியில் அபாயச் சங்கு அலறியது. வெறும் ஒத்திகைதான். எல்லாரும் கதவைத் திறந்து, எதிர் வீட்டுக்காரர் இறங்குகிறாரா என்று பார்த்துவிட்டு மறுபடி சாத்திக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நீ இருந்திருந்தால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொரு மாடியாக ஒரு வழி பண்ணியிருப்பாய்.

மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருவரும் புதுப்பெண்களாக வந்து பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தோம். போர் வரலாம் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த வருஷம். தசரா முடிந்த கையோடு சிவில் டிஃபென்ஸ் அதிகாரி ஒருவர் வந்து, மைதானத்தில் பதுங்கு குழி வெட்ட வைத்தார். தெருவுக்கு ஒரு வார்டன் வேண்டும் என்றார். நீ கையைத் தூக்கினாய். அவர் உன் தலைக்கு மேலே ஆண்களைத் தேடினார்.

பகலில் குண்டு விழுந்தால் ஆண்களெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் இருப்பார்கள், வீட்டில் நாங்கள்தானே இருப்போம் என்று கன்னடத்தில் கேட்டாய். ஒத்திகையில் பார்க்கலாம் என்றார். வார்டனின் அந்தக் கைப்பட்டைமேல் உனக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் என்.சி.சி. அணியை நடத்தியவள் நீ. கல்யாணத்துக்குப் பிறகு சமையலைத் தவிர யாரும் உன்னை நம்பி எதையும் ஒப்படைக்கவில்லை.

ஊர்ச் சங்கு நம் தெருவுக்குச் சரியாகக் கேட்காது. அதற்கு நீ கண்டுபிடித்த வழி, கொலு அழைப்பு. நம் தெருவில் ஒவ்வொருத்தியும் குங்குமச் சிமிழோடு போய் அடுத்த இரண்டு வீடுகளை அழைப்பாள். அவர்கள் அடுத்த இரண்டு வீடுகளை. "சங்கு ஊதினதையும் அதே வரிசைல சொல்லிடலாம் கணே," என்றாய். 'டீ' போட வேண்டிய இடத்தில் உனக்குக் கன்னடக் 'கணே'தான் வரும்.

ஒத்திகையன்று அப்படியே சொன்னோம். வந்தார்கள். பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக, தேங்காய் வாங்கிப்போகப் பை சகிதம், மெதுவாக வந்தார்கள். கைப்பழக்கத்தில் நாம் எல்லாரும் சிமிழை எடுத்துக்கொண்டு போயிருந்தோம். கடைசி வீட்டு மாமி குழிக்குள் எட்டிப் பார்த்து, "யாருக்குடீ சீமந்தம்?" என்றாள். அதிகாரி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

அன்று என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாய். அழுதுகொண்டே ஆறு வடை தின்றாய். ஏழாவதைக் கையில் எடுத்தபோது நிறுத்தினாய். "எல்லாரும் வந்துட்டாங்கல்ல? ஒரு வீடு பாக்கியில்ல. பட்டுப்புடவைதான் லேட் பண்ணிச்சு."

அடுத்த ஒத்திகைக்குச் சிமிழ் கூடாது, தட்டும் கரண்டியும் என்று உத்தரவு போட்டாய். வேகமாக நடக்க முடியாதவர்களை அவரவர் இரண்டு வீட்டிலிருந்து அவரவரே கூட்டிவர வேண்டும். தட்டுகள் முழங்கின. கடைசி வீட்டு மாமியை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள், தலை நிறைய எண்ணெயோடு. "குளிக்க விட்டீங்களாடீ?" என்று வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு உன் பெயரைக் கேட்டார். கைப்பட்டை உனக்குத் தொளதொளவென்று இருந்தது, ஊக்கு குத்திவிட்டேன். நீ நிமிர்ந்து நின்ற அழகை என்னவென்று சொல்ல!

மைசூரில் குண்டு எதுவும் விழவில்லை. ஆனால் ஒரு வீட்டில் ஸ்டவ் பற்றிக்கொண்டபோதும், இன்னொரு வீட்டில் பிரசவ வலி எடுத்தபோதும் தட்டுச் சத்தம் கேட்டது. தமிழ் வீடு, கன்னட வீடு, உருது பேசும் வீடு எல்லாம் ஓடிவந்தன. தேசப் பாதுகாப்பு என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தெருதான் ஞாபகம் வரும்.

வயதான பிறகு இந்த அடுக்குமாடியிலும் சேர்ந்தே வீடு வாங்கினோம். குடிவந்த அன்றே, "உனக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு," என்று வீடுகளைப் பிரித்தாய். தினமும் போய்க் கதவைத் தட்டி, யார் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நீ போன மறுநாள் காலை என் இரண்டையும் பார்த்துவிட்டு, கால் தானாக உன் பங்குக்கும் போய்விட்டது. இப்போது எனக்கு நாலு வீடு.