மார்ஸ் சாமிக்கு நேர்ந்த பன்றி

அன்பு மகன் நுமேரியஸுக்கு அம்மா வீபியா எழுதுவது. அப்பா, நான், கழுதை மூவரும் சுகம். கிரேக்கக் கரையில் நீயும் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்றே நம்பிக்கொண்டிருக்கிறேன். உனக்கு எதிர்ப்படையில் இருக்கும் உன் அண்ணன் ஸ்டாட்டியஸும் சுகமாக இருப்பதாகச் சொல்லி அனுப்பினான். ரோமாபுரியின் குடியரசைக் காப்பாற்றத்தான் சண்டை என்று அவன் தளபதி சொல்கிறார், உன் தளபதியும் அதையேதான் சொல்கிறார், இத்தனை பேர் சேர்ந்து காப்பாற்றினால் அது எப்படிப் பிழைக்கும். நீ அந்தப் பக்கம் சேர்ந்ததிலிருந்து அப்பா, "எனக்கு ஒரே பையன்தான், அது மூத்தவன்"னு ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தில் படுக்காதே.

சங்கதி என்னவென்றால், நம் ஊர் சபை அண்ணன் பக்கம் சாய்ந்துவிட்டது. அவன் தளபதி ஜெயிக்க வேண்டும், எதிரியின் படையில் ஒருவனும் உயிரோடு மிஞ்சக் கூடாது என்று போர்க் கடவுள் மார்ஸ் சாமிக்குப் பன்றி நேர்ந்தார்கள். பூசாரி வாசகம் எடுத்துக்கொடுக்க, ஊருக்காகத் திருப்பிச் சொல்பவர் உன் அப்பா, பதினோரு வருடமாக ஒரு சொல் பிசகாதவர் என்ற தலைக்கனம் வேறு. அந்தப் படையில் நீயல்லவா இருக்கிறாய், விடுவேனா. நடுவில் ஏதாவது சத்தம் கேட்டால் வாசகம் செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் நம் வழக்கமாயிற்றே. முதல் நாள் சரியான இடம் பார்த்துத் தும்மினேன். மறுபடி தொடங்கினார்கள், மறுபடி தும்மினேன். நான்காவது தும்மலில் வெயில் ஏறிவிட்டது, எல்லாரும் கலைந்தார்கள். மறுநாள் பக்கத்து வீட்டு ட்ரெபியாவின் கோழியை முக்காட்டுக்குள் மறைத்துக் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டேன், அது பலிபீடத்தில் ஏறிக் கத்த, பன்றி மிரண்டு சபைத் தலைவரைக் குப்புறத் தள்ளிவிட்டது. அவர் எழுந்து, "வீபியாம்மா, நாளைக்கு நீங்க வீட்டுலயே இருந்து சளிக்குக் கஷாயம் குடிங்க" என்றார். ட்ரெபியாவோ, "பயத்துல என் கோழி முட்டையே போடலடி" என்று இன்னும் முணுமுணுக்கிறாள்.

மூன்றாம் நாளும் போனேன். வேறு சத்தம் காதில் விழாதபடி குழல் ஊத இரண்டு பேரை வைத்திருந்தார்கள், பாவிகள் கன்னம் வெடிக்க ஊதினார்கள். தும்மினேன், இருமினேன், ஒன்றும் எடுபடவில்லை. அப்பா அங்கியால் தலையை மூடிக்கொண்டு கணீரென்று சொல்லிக்கொண்டே வந்தார். ‘எதிரியின் படையில் ஒருவனும்’ என்று பூசாரி எடுத்துக்கொடுத்தார். அப்பா அங்கியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பூசாரி இன்னும் உரக்கச் சொன்னார், அப்பா வாயைத் திறந்தார், மூடினார். கடைசியில், "மறந்துபோச்சுங்க" என்று சொல்லிவிட்டு நேரே வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். காதுக்குள் சொல்லிக் கொடுத்தும் மறக்குமா என்று ஊரே சிரித்தது. மூன்று நாளும் தடைப்பட்டதால் சாமிக்கே இஷ்டமில்லை என்று பூசாரி பன்றியை அவிழ்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். "வயசாகுதுல்ல" என்றார்.

குலதெய்வங்கள் உன் தலைக்கு மேல் நின்று காக்கட்டும், நூறு வயது இரு. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள் கண்ணே, சண்டையில் வாளோடு எதிரே அண்ணன் வந்து நின்றால், நீயும் அப்பாவைப் போல எல்லாவற்றையும் மறந்துவிடு. அவனுக்கும் இதையேதான் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அம்மா,
வீபியா