துவட்டக் கூடாத ஈரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

கால்வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுவதை நிறுத்திவிட்டாயா, இல்லையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. உட்கார்ந்தால்தான் இருப்புக்கொள்ளவில்லை; இதை எழுதும்போதே இரண்டு தடவை எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன்.

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் எந்த மருந்துக்கும் மசியாத கிருமி ஒன்று சுற்றுகிறது. அதனால் நோயாளிகளைத் தினமும் கிருமிநாசினித் துணியால் உடம்பு முழுக்கத் துடைக்கிறோம். அது தானாகக் காய வேண்டும், துவட்டக் கூடாது. நான் அந்தப் பக்கம் திரும்புவதற்குள், ஒரு பெரியவரைப் பார்க்க வந்த அவர் மனைவி, துண்டால் அவரைச் சுத்தமாகத் துவட்டிவிட்டார்.

“மருந்தையே துடைச்சிட்டீங்களேம்மா!” என்று கத்திவிட்டேன்.

“ஈரத்தோட விட்டா சளி பிடிச்சுக்காதா?” என்றார்.

நான் மறுபடி முதலிலிருந்து துடைத்தேன். அந்த அம்மா துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நேற்று வேலை முடிந்து அங்கேயே குளித்துவிட்டு, தலையில் நீர் சொட்டச் சொட்டப் பேருந்துக்கு ஓடினேன். வாசலில் அந்த அம்மா என்னைப் பிடித்து நிறுத்தி, பையிலிருந்து புதுத் துண்டு ஒன்றை எடுத்தார்.

“அவருக்குத்தான் கூடாதுன்னுட்டே. உனக்குமா கூடாது?”

காது மடல்வரை அழுத்தித் துவட்டினார். பேருந்து போய்விட்டது. அடுத்ததையும் நான் விட்டுவிட்டேன்.

பெரியவருக்கு இதுவரை காய்ச்சல் இல்லை. உள்ளே போனதும் அவர் நெற்றியைத்தான் முதலில் தொட்டுப் பார்க்கிறேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு துண்டு கொடுத்தனுப்பு. இங்கே வாங்கியது தண்ணீரை இழுக்க மாட்டேன் என்கிறது. புதுசு வேண்டாம், நீ துவட்டிக்கொள்வதே போதும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. தலை இன்னும் ஈரம்தான், திட்டாதே.

உன் மகள்