கண்டக்டரைக் காணவில்லை

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துகிறோம், கடைசியில் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன். உன் போன் படித்துக் காட்டும்தானே? பதிலையும் அதனிடமே சொல்லி எழுதச் சொல்.

அப்பா காணாமல் போய் இன்றோடு பதினோரு நாள். ஸ்டேஷனில் நீ கொடுத்த புகாரை ஃபைலில் செருகியதோடு சரி. அவர்களை நம்பி உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. அப்பாவுக்காக இணையத்தில் ஒரு பக்கம் செய்துவிட்டேன். மூன்று நாள் லீவு போட்டுச் செய்தது. கறுப்புப் பின்னணி, திரை நிறைய அப்பாவின் முகம், அதன் மேல் வெள்ளை எழுத்தில் விவரம். உறவுக்காரர் எல்லாருக்கும் முகவரி அனுப்பியாயிற்று. சித்தப்பா பார்த்துவிட்டு அழுதாராம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எதிர்வீட்டுக்குப் போய்வர நாலு நிமிஷம் என்கிறாய். அந்த நாலு நிமிஷத்துக்கு வெளித்தாழ்ப்பாள் போட என்ன கேடு? அவருக்கு மறதி முற்றிவிட்டது என்று உனக்குத் தெரியாதா?

தம்பி

*

மார்ச் 7

தம்பி,

சாப்பிடுகிறாயா? லீவு போட்டால் உனக்குச் சாப்பாடு நினைவில் இருக்காது.

உன் பக்கத்தைத் திறந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், கோபப்படாதே. போன் எனக்குப் படித்தது இவ்வளவுதான்: "படம். படம். பொத்தான், பெயரில்லை. படம்." நாலு தடவை விரலால் தடவினேன், நாலு தடவையும் அதே பாட்டு. சித்தப்பாவுக்குக் கண் இருக்கிறது, அழுதார். எனக்கு அழக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை. எழுத்துப் படிக்கிற பார்வை போய் எனக்கு இரண்டு வருஷமாகிறது. உனக்கு அது மறந்துவிட்டது போல.

தாழ்ப்பாள் விஷயம். இரண்டு கையிலும் தைத்த துணி இருந்தது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கொடுத்துவிட்டு உடனே வந்துவிடலாம் என்று போனேன். எத்தனை தடவை கேட்டாலும் என்னிடம் இந்தப் பதில்தான் இருக்கிறது.

அக்கா

*

மார்ச் 12

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆபீஸில் அடுத்தவன் செய்த பக்கத்தில் இதே தப்பைக் கண்டுபிடித்து மானத்தை வாங்குகிறவன் நான். அப்பா பக்கத்தில் எழுத்து முழுவதையும் படமாக ஒட்டி வைத்திருக்கிறேன். பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்கிற அவசரம்.

நீ சொன்னதும் வேறொன்றும் உறைத்தது. தேடுபொறிக்கும், கேள்வி கேட்டால் பதில் சொல்கிற இந்த ஏஐக்கும் படத்தில் ஒட்டிய எழுத்தைவிட, எழுத்தாகவே இருப்பதுதான் நிச்சயமாகப் புரியும். உன் போனால் படிக்க முடிகிற பக்கத்தை அவையும் தடுமாறாமல் படிக்கும். எங்கோ ஒருவர் அப்பாவைப் பார்த்துவிட்டு, "இந்தப் பெரியவர் யார்" என்று போனில் கேட்டால், நம் பக்கம் அவருக்குக் கிடைக்க வேண்டும். அதுதான் முக்கியம், சித்தப்பா அழுவதல்ல.

எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். விவரம் இப்போது எழுத்தாக இருக்கிறது, தலைப்பு தலைப்பாக இருக்கிறது. பொத்தானுக்கு "தகவல் சொல்ல" என்று பெயர் வைத்தாயிற்று. வயது, காணாமல் போன நாள், கடைசியாக இருந்த இடம், எல்லாம் தனித்தனியாக. படத்துக்கும் ஒரு வருணனை எழுதியிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சொல்.

தம்பி

*

மார்ச் 15

தம்பி,

இந்தத் தடவை கேட்டது. நன்றாகவே கேட்டது. ஜிப் மாற்ற வந்த டீச்சர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது கேட்டது. "மகளின் கவனக்குறைவால் கதவு தாழிடப்படாததால், பெரியவர் வீட்டை விட்டு வெளியேறினார்." போனுக்கு எதைச் சத்தமாகச் சொல்வது, எதை மெதுவாகச் சொல்வது என்று தெரியாதே. டீச்சர் எழுந்து, "நான் அப்புறமா வர்றேங்க, அவசரமில்ல" என்று போய்விட்டார். ஜிப் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அந்த வரியை எடுத்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்.

இன்னொன்று. "அடர்ந்த மீசை" என்று எழுதியிருக்கிறாய். அது உன் கல்யாணப் படம்டா. அப்பாவுக்கு மீசை போய் இரண்டு வருஷமாகிறது. நான்தான் மழித்துவிடுகிறேன், தடவித் தடவி. அதனால் எனக்கு அந்த முகம் உன்னைவிட நன்றாகத் தெரியும். வலது தாடையில் மிளகு அளவு மரு. இடது காதின் மேல்நுனி கொஞ்சம் மடங்கியிருக்கும். நடக்கும்போது இடது கால் தரையில் தேயும், அந்தச் செருப்பு மட்டும் ஓட்டையாகும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டார். "கண்டக்டர்" என்றால் திரும்புவார். சட்டைப் பையில் விசில் இருக்கும். அறைக்குள் யார் வந்தாலும், "உள்ள தள்ளிப் போங்க, படியில நிக்காதீங்க" என்பார். என்னைப் பார்த்தும் அதைத்தான் சொல்வார்.

"நடுத்தர உயரம், மாநிறம்" என்று எழுதினால் ஊரில் பாதிப்பேர் நம் அப்பாதான். நான் சொன்னதை எழுது.

அக்கா

*

மார்ச் 20

அன்புள்ள அக்கா,

நீ சொன்ன அடையாளம் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். விசிலையும் "உள்ள தள்ளிப் போங்க"வையும் முதலில் விட்டுவிட்டேன், அப்பாவைக் கோமாளியாக்குகிற மாதிரி இருந்தது. பிறகு யோசித்துப் போட்டேன்.

அந்த வரியை எடுக்க முடியாது. எப்படிப் போனார், எத்தனை மணிக்குப் போனார் என்று தெளிவாக இருந்தால்தான் படிப்பவர் நம்புவார், ஏஐயும் சரியாகச் சொல்லும். நான் பொய்யாக ஒன்றும் எழுதவில்லையே? நடந்ததுதானே?

தம்பி

*

மே 2

தம்பி,

உன் மனைவிக்கு முதுகுவலி தேவலையா? ஒரு வரி எழுதக் கூடாதா?

தினமும் காலையில் தையல் மிஷினில் உட்காருமுன் போனிடம் கேட்கிறேன். "ரிட்டயரான கண்டக்டர், பையில் விசில் வைத்திருப்பார், உள்ள தள்ளிப் போங்க என்பார், அவரைத் தெரியுமா?" அது மரியாதையாகத்தான் பதில் சொல்கிறது. "அப்படி ஒருவரைப் பற்றிய தகவல் கிடைக்கவில்லை." பிறகு விசில் விற்கிற கடைகளைச் சொல்கிறது. கண்டக்டர் வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று சொல்கிறது. ஒரு நாள்கூட உன் பக்கத்தைச் சொன்னதில்லை.

முகவரியை நேரே கொடுத்தால் திறக்கிறது. தேடினால் இல்லை என்கிறது. எனக்கு உன் வேலை தெரியாது. ஆனாலும், நமக்கே தெரியாமல் எங்கேயாவது அடைத்திருக்கிறதா என்று ஒரு தடவை பாரேன்.

அக்கா

*

மே 5

அக்கா,

அடைப்பெல்லாம் ஒன்றுமில்லை. தேடுபொறி ஒவ்வொரு பக்கமாக வந்து படித்துக்கொண்டு போக வாரக்கணக்கு, சமயத்தில் மாதக்கணக்கு ஆகும். பன்னிரண்டு வருஷமாக நான் செய்கிற வேலை இது. நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

அடைக்க வேண்டிய கதவை அடைக்காமல் விட்டவள், திறந்து கிடக்கிற பக்கத்தை அடைத்திருக்கிறதா என்று என்னைக் கேட்கிறாய். நன்றாக இருக்கிறது.

தம்பி

*

ஜூலை 10

தம்பி,

உன் போன கடிதத்தை ஒரு தடவைதான் கேட்டேன். எல்லாக் கடிதத்தையும் இரண்டு மூன்று தடவை கேட்பேன்.

இங்கே மழை விடவே இல்லை. ஈரத்தில் எங்கே படுத்திருக்கிறாரோ என்று நினைத்தால் கை மிஷினில் ஓடமாட்டேன் என்கிறது. அவருக்குச் சளி பிடித்தால் சுலபத்தில் விடாது. முழுக்கைச் சட்டை ஒன்று தைத்து வைத்திருக்கிறேன். விசிலுக்குத் தனியாக ஒரு சின்னப் பை, பட்டனோடு.

இன்றைக்கும் கேட்டேன். தகவல் இல்லை என்றது.

அக்கா

*

ஆகஸ்ட் 20

அக்கா,

இதை உட்கார்ந்து கேள். துணி தைக்க யாராவது வந்திருந்தால் அனுப்பிவிட்டுக் கேள்.

அப்பா இல்லை. ஜூலை 29ஆம் தேதி போய்விட்டார். நுரையீரலில் சளி. உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரத்தில் ஒரு முதியோர் காப்பகத்தில் இருந்திருக்கிறார். அங்கே வேலை செய்கிற நர்ஸ் நம் பக்கத்திலிருந்த பொத்தானை அழுத்தி எழுதியிருக்கிறார். அப்படியே கீழே தருகிறேன்.

"ஐயா, நீங்கள் தேடுகிற பெரியவர் எங்களிடம்தான் இருந்தார் என்று நினைக்கிறேன். பிப்ரவரி 24 அன்று ஒரு பஸ் டிரைவர் கூட்டிவந்தார். கடைசி ஸ்டாப்பில், எல்லாரும் இறங்கட்டும் என்று சொல்லி, தான் மட்டும் இறங்கமாட்டேன் என்று நின்றாராம். பெயர் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் கண்டக்டர் ஐயா என்றுதான் கூப்பிட்டோம். காப்பகத்திலிருந்து ஸ்டேஷனுக்கு எழுதினோம், பதில் வரவில்லை. மார்ச்சிலிருந்து நானும் போனில் தேடினேன். விசில், தாடையில் மரு, உள்ள தள்ளிப் போங்க என்பது, எல்லாம் சொல்லிக் கேட்டேன். ஏழெட்டுத் தடவை இருக்கும். ஒன்றும் வரவில்லை. அவர் இறந்த பிறகு, பதிவேட்டில் உறவினர் என்ற இடம் காலியாக இருந்தது. மனசு கேட்காமல் நேற்று மறுபடி கேட்டேன். உங்கள் பக்கம் முதலாவதாக வந்தது. நான் தேடிய வார்த்தைகள் அப்படியே அதில் இருந்தன. முன்னால் என் கண்ணில் எப்படிப் படாமல் போயிற்று என்று தெரியவில்லை. என்னை மன்னிக்க வேண்டும்."

அவர் கண்ணில் படாமல் போகவில்லை அக்கா. நான்தான் படவிடவில்லை.

ஆபீஸில் எந்தப் பக்கம் செய்தாலும், முடிகிற வரை வெளியார் பார்க்கக் கூடாது என்று உள்ளே ஒரு வரி எழுதிவைப்போம். தேடுபொறிகளுக்கு மட்டும் தெரிகிற வரி: இந்தப் பக்கத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்று. நான் கைப்பழக்கத்தில் முதல் வேலையாக அதை எழுதிவிடுவேன். வெளியிடுகிற நாளில் அதை எடுப்பது வேறொருவர் வேலை, அதற்கென்றே ஆள் உண்டு. அப்பாவின் பக்கத்துக்கு அந்த ஆள் இல்லை. எழுதினவனும் நான், வெளியிட்டவனும் நான். முகவரி தெரிந்த உறவுக்காரர்களுக்குத் திறந்தது. தேடி வந்த யாருக்கும் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 14 அன்று, தன் கடையின் பக்கம் தேடினால் வரவில்லையென்று ஒரு வாடிக்கையாளர் கூட்டத்தில் சத்தம் போட்டார். வெளியிடுகிறவர் தலையைச் சொறிந்துகொண்டு, "சாரி சார், அந்த வரிய எடுக்க மறந்துட்டேன்" என்றார். அந்த நிமிஷமே நம் பக்கத்தைப் பார்த்தேன். ஐந்து மாதமாக அந்த வரி அங்கேயே இருந்திருக்கிறது. எடுத்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. இனி யாராவது பார்த்துவிடுவார்கள், உனக்குத் தெரியாமலே போய்விடட்டும் என்று நினைத்தேன். நர்ஸ் எழுதின பிறகும்கூட, அப்பா போனதை மட்டும் சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் பார்த்தேன். மே மாதம் நீ கேட்டபோது எழுந்து ஒரு தடவை பார்த்திருந்தால் அப்பா இப்போது உன் வீட்டில் இருப்பார்.

உன்னைப் பற்றிய வரியை நீக்கிவிட்டேன். செப்டம்பர் 5ஆம் தேதி வருகிறேன்.

தம்பி

*

ஆகஸ்ட் 27

தம்பி,

எதிர்வீட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு காப்பகத்துக்குப் போய்வந்தேன். பஸ்ஸில் போகும்போது படியருகே நின்றவர்களை உள்ளே போகச் சொன்ன குரலைக் கேட்டுத் திரும்பிவிட்டேன். அது அந்த பஸ் கண்டக்டர்.

நர்ஸுக்கு என் வயதுதான் இருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் தேடினேங்க, சத்தியமா தேடினேங்க" என்று அவள்தான் அழுதாள். நீ எழுதியதை அவளுக்குச் சொல்லி, அவள் மேல் தப்பில்லை என்று தேற்றிவிட்டு வந்தேன். விசிலைக் கொடுத்தாள். அவரை அடக்கம் செய்த இடத்தில் ஒரு எண் மட்டும் எழுதியிருக்கிறது, பெயர் எழுதச் சொல்லியிருக்கிறேன். தைத்த சட்டையை அங்கேயே, இன்னொருவருக்கு ஆகட்டும் என்று கொடுத்துவிட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஆகஸ்ட் 16 காலையில், வழக்கம்போலப் போனிடம் கேட்டேன். அன்றைக்கு முதல்முறையாக அது உன் பக்கத்தைப் படித்து எனக்குப் பதில் சொன்னது. மரு, காது, விசில், எல்லாம் சொன்னது. மகளின் கவனக்குறைவால் போனார் என்றும் சொன்னது. அதைக் கேட்டும் எனக்குச் சந்தோஷமாக இருந்ததடா. ஊருக்கே தெரிந்துவிட்டது, இனி அப்பா கிடைத்துவிடுவார் என்று டீ போட்டுக் குடித்தேன். அவர் போய் அன்றைக்குப் பதினெட்டு நாள்.

நீ முதல் கடிதத்திலேயே கதவைப் பற்றிக் கேட்டாய். கேட்காத கடிதத்தில் குத்திக் காட்டினாய். நான் உன்னை அப்படி ஒரு தடவைகூடக் கேட்கப்போவதில்லை. கேட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் என்னைப் பற்றிய வரியை நீக்கியதாக எழுதியிருக்கிறாய். அதைத் திரும்பப் போடு. நடந்ததுதானே என்று நீதான் சொன்னாய். அதற்குக் கீழே உன்னுடையதையும் எழுது. "மகனின் கவனக்குறைவால் ஐந்து மாதம் இந்தப் பக்கம் யாருக்கும் கிடைக்கவில்லை" என்று, என்னைப் பற்றி எழுதின மாதிரியே, சுற்றி வளைக்காமல். அதற்கும் கீழே அப்பா இறந்த தேதி. காணவில்லை என்பதை எடுத்துவிடு.

ஐந்தாம் தேதி வருவதாக எழுதியிருக்கிறாய். வராதே என்று சொல்லமாட்டேன். எழுதிவிட்டு வா. எழுதிவிட்டாயா என்று உன்னிடம் கேட்கமாட்டேன். காலையில் மிஷினில் உட்காருமுன் போனிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா