புதன்கிழமையில் நின்ற மெஷின்

இன்று காலை திருமுடிவாக்கத்தில் அந்தப் பழைய சர்வரைக் கழற்றினேன். நீயும் நானும் சேர்ந்து மாட்டியதுதான். ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் அதன் முகத்தில் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, காற்று போகிற ஓட்டைகளில் பாதியை அடைத்தே விட்டிருக்கிறார்கள். தூக்கும்போது காய்ந்த சந்தனமும் பட்டறையின் எண்ணெய் வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறின. "அந்த மேடம் இருந்திருந்தா இத்த பாத்துட்டு என்னை வாங்கு வாங்குன்னு வாங்கியிருப்பாங்க" என்றார் பட்டறை முதலாளி. ஆமாம் என்றேன். அவரைத் திட்டுவதற்கென்றே நீ ஒரு தனிக் குரல் வைத்திருந்தாய்.

மெஷினை ஆட்டோவில் ஏற்றிவிட்டு நம் ஆபீசுக்கு வந்தேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் மாவு மில்லுக்கு மேலே அதே அறைதான். மில் ஓடும்போது இன்னும் மேசை அதிர்கிறது. எதிர் நாற்காலி காலியாக இல்லை, உனக்குப் பதில் பிரகாஷ் வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. நல்லவன். ஆனால் உன்னைப்போல வாய் கிடையாது.

இரண்டு பெண்கள் சர்வர் போட வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாலும், போகிற கம்பெனியிலெல்லாம் வாசலில் ஒருவர் நின்று, "சார் வரலையா?" என்று கேட்பார். நான் விளக்கம் சொல்ல ஆரம்பிப்பேன். நீ, "சார் வூட்ல சாம்பார் வெச்சுகினு இருக்காரு, நாங்க வந்துட்டோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாய். கம்பி, டிஸ்க், பவர் எல்லாம் என் வேலை. சாஃப்ட்வேர் முழுக்க உன் வேலை. கீழ்க்கட்டளையில் ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பாடுகிறவள் நீ. தினக் காலண்டரில் நல்ல நேரம் பார்க்காமல் செருப்பு மாட்டாதவள் நான். "வெள்ளிக்கிழமை, மணி பத்தரை ஆயிடுச்சு, ராகு காலம். ஸ்க்ரூடிரைவரைத் தொடலாமா, இல்ல அதுக்கும் பரிகாரம் இருக்குதா?" என்று கேட்டு என் மானத்தை வாங்குவாய். நான் சிரிப்பேன். ஆனாலும் பன்னிரண்டு மணிவரை எதையாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அது உனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் முழுவதையும் நானே ஒரு தடவை வரிசையாகச் சொல்ல வேண்டும்.

திருமுடிவாக்கம் முதலாளிக்கு, அன்று புதிதாக இருந்த இதே சர்வரை விஜயதசமி அன்றே ஆரம்பித்துவிட வேண்டும் என்று ஆசை. விஜயதசமி புதன்கிழமை வந்தது. சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் பூஜை விடுமுறை, லைசென்ஸ் சாவியை வெள்ளிக்கிழமை காலைதான் அனுப்ப முடியும் என்று சொல்லிவிட்டார்கள். சாவி என்றால் பூட்டுச் சாவியல்ல, இன்ஸ்டால் செய்யும்போது அடிக்க வேண்டிய ஒரு நீளமான எண். நாம் வெள்ளிக்கிழமை போனோம். மறுநாள் காலை அவருடைய லாரி கிளம்ப வேண்டும், அதில் ஏறுகிற ஒவ்வொரு சரக்குப் பெட்டிக்கும் சோதனைச் சான்று அந்த சர்வரிலிருந்துதான் அச்சாக வேண்டும். பழைய கம்ப்யூட்டர் பூஜைக்கு முந்தின வாரமே உயிரை விட்டிருந்தது.

போகிற வழியில் அனகாபுத்தூர் டீக்கடையில் வண்டியை நிறுத்தியபோதுதான் நீ சொன்னாய். மார்பில் ஒரு கட்டி. பட்டாணி அளவு. "ஒண்ணும் இருக்காது டீ. ஊசி போட்டு எடுத்துப் பாத்துடலாம்னு சொல்லியிருக்காங்க. தாம்பரத்துல, நாலு மணிக்கு. அந்த டாக்டர் மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமைதான் வர்றாரு." நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். "மூணு மணிக்குக் கிளம்பிடுவேன், அவ்ளோதான். மூஞ்சிய அப்படி வெச்சுக்காத" என்றாய். ஆக, அன்றைக்கு உனக்கு மூன்று மணி என்பது எவ்வளவு முக்கியம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

நீ மாடியில் நெட் கம்பி எங்கே வருகிறது என்று பார்க்கப் போயிருந்தாய். முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார். "மேடம், விஜயதசமில ஆரம்பிச்சா மாதிரி ஏதாச்சும் பண்ண முடியுமா? எங்கம்மா கேட்டுகினே இருக்காங்க" என்றார். வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. அந்த மெஷின் நெட்டைப் பார்த்துத் தானாக நேரத்தைத் திருத்திக்கொள்ளும். முதலில் அதை நிறுத்தினேன். பிறகு தேதியை இரண்டு நாள் பின்னுக்குத் தள்ளிப் புதன்கிழமை ஆக்கினேன். திரையில் தேதி தெரிய, முதலாளி கும்பிட்டுவிட்டு ஒரு பட்டனைத் தட்டினார். அம்மாவுக்கு அனுப்பப் போட்டோ எடுத்துக்கொண்டார். அப்புறம் தேதியை மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் நீ இறங்கி வந்து, "தள்ளு" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டாய். உன் எதிரில் தேதியைத் திருத்தினால் என்னவென்று கேட்பாய். வருடம் முழுக்க வைத்து ஓட்டுவாய். அந்த வெட்கத்துக்காகச் சும்மா இருந்தேன்.

இன்ஸ்டால் முக்கால்வாசி போய் நின்றது. சாவி செல்லாது என்று ஒரு வரி. நீ சாவியை எழுத்தெழுத்தாக மறுபடி அடித்தாய். செல்லாது. நெட்டைப் பார்த்தாய், சரியாக இருந்தது. அந்த சாஃப்ட்வேரை மட்டும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டாய். அரை மணி நேரம் ஓடி, அதே இடத்தில், அதே வரி. சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டாய். அவர்கள் புதுச் சாவி ஒன்று அனுப்பினார்கள். அதுவும் செல்லாது. "இன்னாடி இது, பேஜாரா கீது" என்றாய்.

ஒரு மணி வாக்கில் எனக்குப் புரிந்துவிட்டது. சாவி அன்று காலை பிறந்தது. மெஷினோ இன்னும் புதன்கிழமையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பிறக்கப்போகிற சாவியை அது எப்படி ஏற்கும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இரண்டு நிமிட வேலை. முதலாளி பின்னால் நின்றிருந்தார். நான் சொல்லவில்லை. நீ எழுந்து போனால் சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்று கணக்குப் போட்டேன். "போய்ச் சாப்ட்டு வாயேன்" என்றேன். "முடிச்சுட்டு எழுந்திருக்கறேன்" என்றாய். "முகமாவது கழுவிட்டு வா." "என் மூஞ்சிக்கு இன்னா இப்போ?" நீ அசையவில்லை. இரண்டு மணி ஆனது. மூன்றும் ஆனது. "நாளைக்கு லாரி கிளம்பணுமே, பாவம் அந்தாளு" என்று நீ சொன்னபோதும் என் வாய் திறக்கவில்லை. உன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போது எனக்கு என்மேல் வருகிற ஆத்திரத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எது போனாலும் நீ ஒன்றுதான் சொல்வாய்: "யார் பண்ணாங்கன்னு தேடாத, இன்னா ஆச்சுன்னு தேடு." அன்றும் அப்படித்தான் தேடினாய். மெஷின் தன் போக்கில் எழுதி வைக்கும் குறிப்புகளை மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தவள், மூன்று இருபதுக்கு நிமிர்ந்தாய்.

"சார், இன்னைக்கு இன்னா கிழமை?"

"வெள்ளி மேடம்."

"உங்க மெஷினுக்கு இன்னும் புதன்கிழமையாம்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த சுவிட்சுப் பெட்டியைப் பார்த்தேன். "விஜயதசமிய வுட்டு வர மனசு வரல போல" என்று அவர் ஏதோ சமாளித்தார். நீ சிரிக்கவில்லை. மேலும் ஏதோ இரண்டு தட்டுத் தட்டிப் படித்துவிட்டு, தேதியைச் சரி செய்தாய். "மீதி நான் பாத்துக்கறேன், நீ கிளம்பு, கிளம்பு" என்று உன் ஹெல்மெட்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். அதற்கு மட்டும் நன்றாக வாய் திறந்தது.

நீ போன பிறகு இன்ஸ்டால் ஒரே மூச்சில் முடிந்தது. ஐந்து மணிக்குப் போன் செய்தாய். பல்லாவரத்தில் நெரிசல், போவதற்குள் டாக்டர் கிளம்பிவிட்டாராம். "வேற யார்கிட்டயாச்சும் காட்டேன்" என்றேன். "இத்தனை நாள் இருந்தது, இன்னும் நாலு வாரம் இருக்காதா" என்றாய். நான்கு வாரம் கழித்துப் போனாய். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உன் உடம்பில் நடந்தது, நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு வாரத்தில் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் உன் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். அவர் அதை என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னார், அவருக்கு எதுவும் தெரியாது. நான் தலையாட்டினேன். நம்புகிற நாளும் உண்டு, நம்பாத நாளும் உண்டு.

உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று கீழ்க்கட்டளைக்கு மூன்று முறை வந்தேன். முதல் முறை உன் அக்கா இருந்தார். இரண்டாம் முறை நீ தூங்கிக்கொண்டிருந்தாய். மூன்றாம் முறை, தலையில் துண்டு கட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "அந்த திருமுடிவாக்கம் சர்வர்..." என்று ஆரம்பித்தேன்.

"ஹிஸ்டரி பாத்தேன் டீ. அன்னைக்கே" என்றாய்.

யார் எந்த நேரத்தில் என்ன கட்டளை அடித்தார்கள் என்பதை அந்த மெஷின் வரிசையாகச் சேர்த்து வைத்திருக்கும். கடைசியாக நீ தட்டிய இரண்டு தட்டு அதற்குத்தான். நான் நேரத்தை நிறுத்தியது, தேதியை மாற்றியது, எல்லாம் அதில் இருந்தது. அதற்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தது நான் ஒருத்திதான்.

"அப்போ ஏன் கேக்கல?"

"நீயே சொல்லுவன்னு பாத்தேன்."

ஆரஞ்சைத் தட்டில் வைத்தேன். "கோவம் இல்லையா?" என்று கேட்டேன். "இருந்துச்சு. ரெண்டு மாசம் இருந்துச்சு. அப்புறம் அதுக்குத் தெம்பு இல்ல" என்றாய். நான் அழ ஆரம்பித்ததும், "ஏய், பேஜார் பண்ணாத, போய் டீ போடு" என்றாய். போட்டேன். நீ இரண்டு வாய் குடித்தாய். அன்றைக்கும் நான் 'மன்னிச்சுக்கோ' என்ற சொல்லைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். மன்னித்துக்கொள்.

போன மாதம் மேடவாக்கத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு, கணக்கின் நகல் சேமிக்கும் பேக்கப் டிஸ்க்கை மாற்றப் போயிருந்தோம். கவனமில்லாமல் தப்பான டிஸ்க்கை அழித்துவிட்டேன், அன்றைய பில் அத்தனையும் போய்விட்டது. பிரகாஷ் கம்பியைப் பிடித்து இழுத்து, ஏன் பில் வரவில்லை என்று தேட ஆரம்பித்தான். அவன் மூன்று மணிக்குள் கிளம்ப வேண்டும், தாம்பரத்தில் அப்பாவைக் கண் டாக்டரிடம் காட்ட. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. "தேடாத. நான்தான் அழிச்சேன்" என்றேன். கடைக்காரரும் கேட்டார், கல் வாங்க வந்திருந்த நாலு பேரும் கேட்டார்கள். அவர் போட்ட கூச்சலில் என் காது இரண்டும் சூடாகிவிட்டது. பிரகாஷை அனுப்பிவிட்டு, காகித பில்களை எடுத்து வைத்து ஒவ்வொன்றாக மறுபடி அடிக்க உட்கார்ந்தேன். கடைக்காரர் கூச்சலை நிறுத்தவில்லை. மூன்றே முக்காலுக்கு பிரகாஷிடமிருந்து மெசேஜ் வந்தது: "டோக்கன் வாங்கியாச்சுக்கா. அடுத்து நாங்கதான்."

அதைப் படித்துவிட்டு, டைல்ஸ் பெட்டிகளுக்கு நடுவே, உன்னை நினைத்து வாய்விட்டு அழுதேன். கடைக்காரர் பயந்துபோனார். தான் திட்டியதால்தான் என்று நினைத்து, "ஐயோ, விடுங்க மேடம், அதான் நீங்களே ஒத்துக்கினீங்களே" என்று சொல்லி எனக்கு ஜூஸ் வாங்கி வர ஆள் அனுப்பினார்.